கை காட்ட முடியாத பெட்டி

2024 ஜூலை 3, புதன்

பாட்டின் கும் என்ற அடிச்சத்தத்தை மட்டும் தருகிற பேஸ் ஸ்பீக்கர் பெட்டி வந்து சேர்ந்தது. கூடத்து முன்பக்கத்தில் இருக்கிற இரண்டு சின்ன ஸ்பீக்கர்களோடு சேர்த்து மூலையில் வைத்துவிட்டு, சாப்பிடக்கூட வராமல் அதன் முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறார் என் வீட்டுக்காரர் கிரிஷாந்தன்.

பதினான்காம் தேதி பண்டாரவளை அஸீஸ் முதலாளி கேட்க வருகிறார். பிடித்துப்போனால் அவருடைய புது வீட்டுப் பாட்டு அறை வேலை முழுக்க இவருக்குத்தான். இருபது வருஷம் தோட்டத்துத் திருவிழாக்களுக்கு மரமேறி ஸ்பீக்கர் கட்டிய மனிதர். போன தையில் மரத்திலிருந்து விழுந்து இடுப்பு போயிற்று. இனி ஏறினால் எழும்ப மாட்டீர்கள் என்று டாக்டர் சொல்லியாயிற்று. வீட்டுக்குள் செய்கிற வேலை கிடைத்தால்தான் உண்டு.

ஜூலை 5, வெள்ளி

ஐயோ, என் காதே! முதல் பாட்டிலேயே கூரைத் தகரம் அதிர்ந்தது, சாமித்தட்டில் விளக்கு நகர்ந்தது. பாடுகிறவர் கிணற்றுக்குள் விழுந்தவர் மாதிரி கத்துகிறார். பக்கத்து வீட்டு றஷீனா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்ன கம்சலா, ஜெனரேட்டரா வாங்கின?" என்று கேட்டாள். இவர் என்ன செய்தார்? இன்னும் கூட்டினார்!

"ஏங்க, அடுத்த மலைக்கா கேக்கணும்? உள்ள உக்காந்திருக்கிற எனக்குக் கேட்டாப் போதாதா?" என்றேன்.

முகத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஜூலை 6, சனி

பேச்சு இல்லை. பெட்டியும் ஊமை, அவரும் ஊமை.

ஜூலை 8, திங்கள்

அவர் குளிக்கும்போது போன் அடித்தது, எடுத்தேன். கொஸ்லந்தைக் கோயில்காரர்கள். "ஞாயித்துக்கிழம வேல சரிவராட்டி நம்ம ஆடித் திருவிழாவுக்கு வாரேன்னு அண்ணன் சொன்னாரே?"

ஆக, சரிவராவிட்டால் மறுபடியும் மரம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "வேற என்ன தெரியும் எனக்கு?" என்றார், துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே. சண்டை போடத்தான் வாயைத் திறந்தேன். சட்டையை எடுத்துக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன்.

ஜூலை 10, புதன்

இதை எழுதியே ஆகவேண்டும்.

காலையில் எழும்பி பெட்டியைத் தூக்கி முதலாளி உட்காரப் போகிற நாற்காலியில் வைத்தார். பித்துப் பிடித்துவிட்டதோ என்று பயந்தேன். "கேக்கிற எடத்துல பெட்டி இருக்கட்டும். எந்த எடத்துல நல்லாக் கேக்குதோ, அப்புறம் பெட்டிய அங்க வச்சிட்டா சரி" என்றார். தவில் இசை ஒன்றைப் போட்டுவிட்டு, அந்த இடுப்போடு, சுவரோரமாகத் தவழ ஆரம்பித்தார். ஒவ்வொரு முழத்துக்கும் நின்று தலையைச் சாய்த்துக் கேட்கிறார். நானும் பின்னாலேயே தவழ்ந்தேன். மூலையில் ஒரே இடிமுழக்கம். ஜன்னலுக்குக் கீழே தவிலின் அடிச்சத்தமே காணோம்! இரண்டடி தள்ளினால் திரும்ப வருகிறது. அலுமாரிக்கும் கதவுக்கும் நடுவில்தான் ஒவ்வொரு அடியும் தனித்தனியாக, சுத்தமாக. பெட்டியை அங்கேயே வைத்தார்.

"மலையில சத்தம் ஓடிப் போயிரும், கம்சலா. அதனால அள்ளி அள்ளி ஊத்துவோம். இங்க செவுத்துல முட்டித் திரும்பி வருது. பழக்கதோஷம், கை தானாக் கூட்டிருச்சு. நீ சொன்னது சரிதான்."

நான் சொன்னது சரி! பதினேழு வருஷத்தில் இதுதான் முதல் தடவை. ஆனால் அதைவிட, இந்த மனிதருடைய காது... இத்தனை நாள் இதை மரத்து உச்சியில் வைத்திருந்தாரே.

ஜூலை 11, வியாழன்

என் கண்ணைச் சால்வையால் கட்டி, "பெட்டி எங்க இருக்குன்னு கைகாட்டு. தெரிஞ்சதச் சொல்லாத, காது சொல்றதச் சொல்லு" என்றார். கை நேரே அலுமாரிப் பக்கம் போயிற்று. "அப்ப குரல் மாதிரி மேல் சத்தமும் இன்னும் பெட்டிக்குப் போகுது, அதான் எடத்தக் காட்டிக் குடுக்குது" என்று ஒரு குமிழைத் துளி குறைத்தார். மறுபடி கேட்டார். மறுபடி குறைத்தார். பெட்டியின் பின்பக்கத்து ஸ்விட்சை ஒருமுறை மாற்றினார்: அதுவரை தவிலில் குச்சி விழுவது ஒரு பக்கம், அதன் கும் என்ற ஒலி ஒரு பக்கம் என்று கேட்டது, அப்படியே ஒன்றாகிவிட்டது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

ஏழாவது தடவை என் கை, பாடகர் குரல் வருகிற முன்பக்கத்துச் சின்ன ஸ்பீக்கர்கள் பக்கம் போனது. காதுக்குப் பெட்டியைக் காணவேயில்லை. கட்டை அவிழ்த்தால், சின்னப் பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டு நிற்கிறார்.

ஜூலை 14, ஞாயிறு

முதலாளி தேத்தண்ணியைக்கூடத் தொடாமல் பாட்டு முழுவதையும் கேட்டார். பிறகு பெட்டியைப் பார்த்து, "பாட்டு நல்லம். ஆனா அந்தப் பெரிய பெட்டிய இன்னம் போடல்லியா தம்பி?" என்றார்.

போச்சு என்று நினைத்தேன். இவரோ பாட்டை மறுபடி போட்டு, நடுவில் பெட்டியை மட்டும் நிறுத்தினார். அவ்வளவுதான், பாட்டு வெறும் தோலாகிவிட்டது. குரல் இருக்கிறது, ஆள் இல்லை.

முதலாளி நாற்காலியிலிருந்து எழும்பியே விட்டார். "போடுங்க, போடுங்க! அத நிப்பாட்ட வாணாம்!"

ஜூலை 15, திங்கள்

காலையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். கூடத்திலிருந்து இவர் கொஸ்லந்தைக்குப் பேசுவது கேட்டது. "இந்த வருஷம் வேற ஆளப் பாத்துக்கங்க தம்பி. எனக்குப் பண்டாரவளையில வேல கெடச்சிருக்கு." அடுத்த வருஷத்தைக் கேட்டார்கள்போல, "இனிமேயும் அப்பிடித்தான்."

துருவலைப் பாதியில் விட்டுவிட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன்.