பூட்டிய அறையில் பன்னிரண்டு கம்ப்யூட்டர்கள்

பனாகன் தீவு
12 பிப்ரவரி 2018

அன்புத் தம்பி ஜெனாரோ,

இங்கே எல்லோரும் சுகம். உன் சுகத்தை நீதான் எழுத வேண்டும். போனில் கேட்டால் ‘ம்’ என்கிறாய். ஊர்த்தலைவர் வீட்டு மாடி வரை ஏறி, சிக்னலுக்குக் கையைத் தூக்கிக்கொண்டு நின்று, அந்த ஒரு ‘ம்’மைக் கேட்டுவிட்டு இறங்குவதற்கு எனக்கு முழங்கால் இல்லை. ஆகவே எழுது.

நீ அனுப்பிய பெட்டிகள் வந்து சேர்ந்தன. பன்னிரண்டும் முழுசாக. படகுக்காரன் பென்ஹூர் இறக்கும்போதே, “என்ன டீச்சர் இது, பொணத்த வெச்சு அனுப்பிட்டாங்களா, இந்தக் கனம் கனக்குது?” என்றான். “கம்ப்யூட்டர்டா! எங்க தம்பி சிங்கப்பூர்லேருந்து அனுப்பிருக்கான்” என்று கரையில் நின்றவர்கள் அத்தனை பேர் காதிலும் விழும்படி சொன்னேன். கொஞ்சம் பெருமைதான். இந்தப் பள்ளிக்கு நான் தலைமையாசிரியையான பிறகு வந்த முதல் உருப்படியான பொருள் இது. பெருமைப்படாமல் என்ன செய்வது?

பங்குச் சாமியாரை அழைத்து மந்திரித்தோம். அவருக்குத் தீர்த்தம் தெளிக்கத் தெரியாது, ஊற்றத்தான் தெரியும். நான் குறுக்கே போய் நின்று தொப்பலாக நனைந்தேன். “ரெமெடியோஸ், உன்னையா மந்திரிக்க வந்தேன்?” என்றார். “எனக்கும் சேர்த்தே மந்திரிச்சிடுங்க சாமி, அதுங்க மேல மட்டும் தண்ணி வேணாம்” என்றேன்.

கிழக்கு அறையில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் குரோஷா உறை பின்னிப் போட்டிருக்கிறேன். மேயர் வந்து ரிப்பன் வெட்டியதும் பிள்ளைகளைத் தொட விடுவேன். அதுவரை பூட்டுதான். சாவி என் கழுத்துச் சிலுவையோடு தொங்குகிறது.

கிறிஸ்துமஸுக்கு வருகிறேன் என்று சொல்லி ஏமாற்றினாய். உனக்கென்று எடுத்து வைத்த பன்றிக்கறியைப் பக்கத்து வீட்டு நாய்தான் தின்றது. அதுவாவது நன்றியோடு வாலை ஆட்டியது.

உன் அக்கா,
ரெமெடியோஸ்


சிங்கப்பூர்
3 மார்ச் 2018

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை ஆபீஸ் சாப்பாட்டு அறையில் படித்துத் தனியாகச் சிரித்தேன். நான் சுகம். இளைக்கவில்லை, தொப்பைதான் வந்திருக்கிறது.

அக்கா, மேயருக்காகக் காத்திருக்காதே. ரிப்பன் எதற்கு? ஆபீஸில் தூக்கிப் போட இருந்த பழைய கம்ப்யூட்டர்களை நான் ஒவ்வொருவர் காலிலும் விழாத குறையாகக் கேட்டு வாங்கினேன். நம் பக்கத்துத் தீவுப் பள்ளிகள் மூன்றுக்கும் எழுதிப் பார்த்தேன், பிள்ளைகளுக்குக் கோடிங் சொல்லிக்கொடுங்கள், பாடமெல்லாம் நானே எழுதி அனுப்புகிறேன் என்று. இரண்டு பள்ளி பதிலே போடவில்லை. ஒன்று, அதற்குப் பதிலாக மின்விசிறி அனுப்ப முடியுமா என்று கேட்டது. சரி என்று சொன்னது நீ ஒருத்திதான்.

இதுவரை உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். கல்லூரியில் முதல் நாள் மௌஸைக் கையில் எடுத்துத் திரைக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன். எனக்கு அப்போது பதினெட்டு வயது. கூடப் படித்தவர்களெல்லாம் பால்பல் விழும் வயதிலேயே அதைத் தொட்டவர்கள். வகுப்பே சிரித்தது. நம் தீவுப் பிள்ளை இன்னொன்றுக்கு அது நடக்கக் கூடாது, அவ்வளவுதான் என் ஆசை.

அறையைத் திறக்கும்வரை சும்மா இருக்காதே. முற்றத்தில் சாக்பீஸால் கட்டம் போடு. ஒரு பிள்ளை இயந்திரம், இன்னொரு பிள்ளை கட்டளை சொல்ல வேண்டும். சொன்னதை மட்டும்தான் இயந்திரம் செய்யும், சொல்லாததைச் செய்யவே கூடாது. பாதிக் கோடிங் அதிலேயே வந்துவிடும்.

தம்பி,
ஜெனாரோ


பனாகன் தீவு
24 ஜூன் 2018

அன்புத் தம்பி,

பள்ளி திறந்துவிட்டது. நீ சொன்ன விளையாட்டை ஆரம்பித்தேன். முதலில் கூச்சமாக இருந்தது, தலைமையாசிரியை பாண்டி ஆடுகிறாள் என்று ஊர் பேசுமே என்று. பேசத்தான் செய்தது.

டொடோங் என்று ஒரு முரட்டுப் பையன், அவன்தான் இயந்திரம். கட்டளை சொல்ல லுவால்ஹாதி வந்தாள். நண்டு பிடித்து விற்கிறாளே சாலிங், அவள் மகள், வகுப்பில் வாயே திறக்காதவள். “நட” என்றாள். அவன் நடந்தான். நடந்துகொண்டே போய்ச் சுவரில் முட்டி, முட்டியபடியே காலை மாற்றி மாற்றி வைத்தான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

“டேய், நில்லுடா லூசு!”

“நீ நிக்கச் சொல்லவே இல்லியே. நான் மிஷினு.”

“எங்க நிக்கணும்னு உனக்கே தெரியாதா?”

“மிஷினுக்கு மூளை ஏது? உனக்குத்தான் இருக்குன்னு டீச்சர் சொன்னாங்க.”

அவள் சிரிக்கவில்லை. கீழே உட்கார்ந்து கட்டங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு எழுந்து, “ஒவ்வொரு கட்டமா நட. சுவர் வந்தா நில்லு. வலது பக்கம் திரும்பு. மறுபடி முதல்லேருந்து” என்றாள். டொடோங் முற்றம் முழுக்கச் சுற்றிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தான். அந்தப் பெண்ணின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். நீ சின்னதில் ரேடியோவைப் பிரித்துப் போட்டுவிட்டுத் திரும்ப மாட்டியதும் அது பாடியபோது உன் முகம் இப்படித்தான் இருந்தது.

மேயர் இந்த மாதமும் வரவில்லை. அவருக்கு மூட்டுவலியாம். உறைகளைத் துவைத்துப் போட்டேன்.

அக்கா


சிங்கப்பூர்
15 ஜூலை 2018

அன்புள்ள அக்கா,

லுவால்ஹாதியைப் பற்றி எழுதியதை நாலு தடவை படித்துவிட்டேன். சொல்லிக்கொடுக்காமலே ‘மறுபடி முதல்லேருந்து’ என்று சொன்னாளா? அதைப் புரியவைக்க இங்கே புதிதாய் வருகிறவர்களோடு நான் மல்லுக்கட்டுகிறேன்.

கேள். செபு நகரத்தில் ஒரு விடுதிப் பள்ளி இருக்கிறது. கம்ப்யூட்டரில் திறமை உள்ள ஏழைப் பிள்ளைகளைத் தேர்வு வைத்து எடுத்துக்கொண்டு, முழுச் செலவும் அவர்களே பார்க்கிறார்கள். நவம்பரில் தேர்வு. ஆனால் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து எழுத வேண்டும், சாக்பீஸ் கட்டம் அங்கே செல்லாது. மூன்று மாதம் பழகினால் அவள் தேறிவிடுவாள், நான் சொல்கிறேன். மின்சாரம் மாலை நாலு மணிக்குத்தான் வரும் என்று தெரியும். நாலிலிருந்து ஆறு போதும்.

மேயர் வருகிறபோது வரட்டும். நீ அறையைத் திற அக்கா.

ஜெனாரோ


பனாகன் தீவு
9 செப்டம்பர் 2018

அன்புத் தம்பி,

தாமதத்துக்குக் கோபப்படாதே. புயலில் கூரைத் தகரம் நாலு பறந்துவிட்டது. கிழக்கு அறைக்கு ஒன்றும் ஆகவில்லை.

நீ நினைப்பது போல எல்லாம் சுலபமில்லை. ஊர்த்தலைவரிடம் போனேன். “மேயர் கை வைக்கறதுக்கு முன்னாடி நண்டு விக்கிறவ பொண்ணு கை வெச்சான்னா, அடுத்த வருஷம் நம்ம தீவுக்கு ஒரு ஆணி கூட வராது, தெரிஞ்சுக்கோ” என்கிறார். மேயர் எலெக்‌ஷனை ஒட்டித்தான் வருவாராம், அப்போதுதான் படம் எடுத்தால் உபயோகமாம். நீ அங்கே இருந்துகொண்டு ‘திற’ என்று ஒரே வார்த்தையில் எழுதிவிடுகிறாய். இங்கே இருக்கிறவள் நான்.

லுவால்ஹாதி தினமும் நாலு மணிக்கு அந்தக் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறாள். நீ அனுப்பிய பாடத்தையெல்லாம் ஒரு அட்டையில் கீபோர்டு வரைந்து அதன்மேல் தட்டித் தட்டிப் படிக்கிறாள். நேற்று, “டீச்சர், ஒரு தடவ உள்ள வந்து பார்த்துட்டாவது போறேனே” என்றாள். “நாளைக்குப் பார்க்கலாம்மா” என்றேன். அவளும் தலையாட்டினாள். நான் சொன்ன நாளைகளை அவள் எண்ணுகிறாளோ என்னவோ.

எழுதாமல் முடிக்கலாம் என்றுதான் பார்த்தேன். முடியவில்லை. ஜெனாரோ, இந்தத் தீவில் எதையாவது நன்றாகக் கற்றுக்கொண்ட பிள்ளை ஒன்று இங்கே தங்கியிருக்கிறதா? மருந்துக்கடைக்காரர் மகன் போனான். என்னோடு பாட்டுக் குழுவில் இருந்த நர்ஸ் போனாள். அம்மா கண்மூடிய பிறகு உன்னை மடியில் போட்டு வளர்த்தேன், நீயும் போனாய். ஏழு வருஷத்தில் இரண்டு தடவை வந்தாய். ஒருத்தியைத் தேற்றிக் கையில் பிடித்துப் படகில் ஏற்றிவிட எனக்கு மனசு வரவில்லை. நீ என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்.

அக்கா


சிங்கப்பூர்
30 செப்டம்பர் 2018

அக்கா,

அப்படியென்றால் மேயர் இல்லை. நீதான்.

நான் கம்ப்யூட்டர் தெரிந்ததால் ஊரை விட்டுப் போகவில்லை. அங்கே எனக்கு வேலை இல்லாததால் போனேன். ஒன்றும் தெரியாதவர்களும் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். கப்பலில் தரை துடைக்கிறார்கள், யார் வீட்டிலோ பாத்திரம் கழுவுகிறார்கள். அவர்களை உன்னால் பூட்டி வைக்க முடிந்ததா?

நான் வராதது என் தப்பு. அதற்கு என்னைத் திட்டு, எத்தனை பக்கம் வேண்டுமானாலும் எழுது. அந்தப் பெண்ணின் தலையில் அதை இறக்காதே. இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. ஆறு வாரத்திலும் அவள் பிடித்துக்கொள்வாள்.

இதற்குமேல் நான் கேட்க மாட்டேன்.

ஜெனாரோ


பனாகன் தீவு
20 ஜனவரி 2019

அன்புத் தம்பி,

உன் பதில் இல்லாமல் நான் எழுதும் மூன்றாவது கடிதம் இது. மாதப் பணம் தவறாமல் வருகிறது, அதனால் நீ சுகம் என்று தெரிந்துகொள்கிறேன். உன் பணத்தில் எனக்கு ஆசை இல்லை. கவருக்குள் ஒரு வரி இருக்கிறதா என்றுதான் பார்க்கிறேன்.

முந்தைய இரண்டிலும் சுற்றி வளைத்தேன். இதில் நேராகச் சொல்கிறேன். தேர்வு நாள் போய்விட்டது. நான் திறக்கவில்லை.

டிசம்பரில் சாலிங்கின் படகு பாறையில் மோதி உடைந்தது. வாரம் முடிவதற்குள் லுவால்ஹாதியை அவள் சித்தி மணிலாவுக்கு அழைத்துப் போனாள், ஒரு பெரிய வீட்டில் வேலைக்கு. பதினைந்து வயது. கரையில் நின்று வழியனுப்பினேன். ஒரு பிளாஸ்டிக் பை, அதில் இரண்டு உடுப்பு. அந்த அட்டைக் கீபோர்டை என் கையில் கொடுத்து, “அடுத்த வருஷப் பிள்ளைங்களுக்கு ஆகும் டீச்சர்” என்றாள். பென்ஹூர் கூட அன்றைக்கு ஒரு கிண்டலும் பேசவில்லை.

பூட்டி வைத்தால் போகமாட்டாள் என்று நினைத்தேன், ஜெனாரோ. போய்விட்டாள். வெறுங்கையோடு போனாள். நான் சாதித்தது அதைத்தான்.

அன்று மாலையே போய்ப் பூட்டைத் திறந்தேன். உறைகளெல்லாம் பளிச்சென்று இருந்தன. அடியில் எறும்புப் புற்று, உப்புக் காற்றில் பிடித்த துரு. பன்னிரண்டில் மூன்றுதான் வேலை செய்தன. நீ இருந்தால் மற்றதையும் சரி பண்ணியிருப்பாய். இப்போது தினமும் நாலு மணிக்குத் திறந்து வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். முதல் வாரம் சின்னதுகள் வேடிக்கை பார்க்க வந்தன, பிறகு வருவதில்லை. சொல்லிக்கொடுக்க எனக்குத் தெரியவில்லை. டொடோங் கொஞ்சம் புரிந்துகொண்டான், அவனையும் அப்பா கடலுக்கு அழைத்துப் போய்விட்டார்.

கோபம் போதும், ஒரு வரி எழுது.

அக்கா


பனாகன் தீவு
2 ஜூன் 2019

அன்புத் தம்பி,

எலெக்‌ஷனுக்கு நாலு நாள் முன்னால் மேயர் வந்தார். அறை வாசலில் அவர் முகத்தைப் போட்ட பேனர், கதவை விடப் பெரியது. ரிப்பனை வெட்டிவிட்டு, வேலை செய்யாத ஒன்றின் முன்னால் உட்கார்ந்து விசைகளின் மேல் விரலை வைத்தார், படம் எடுத்தார்கள். பிள்ளைகள் கை தட்டினார்கள். தட்டச் சொன்னது நான்தான். ஜெயித்துவிட்டார். பேனர் இன்னும் தொங்குகிறது, மழை ஒழுகும் இடத்துக்கு அதைத்தான் கட்டப் போகிறேன்.

நேற்று ஊர்த்தலைவர் வீட்டிலிருந்து கூப்பிட்டு அனுப்பினார்கள். லுவால்ஹாதி, போனில். சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா என்று வழக்கமாகக் கேட்பதையெல்லாம் கேட்டேன். நல்ல மனிதர்கள் என்றாள். பிறகு அவளாகவே சொன்னாள்.

“டீச்சர், இந்த வீட்டுப் பையனுக்கு ஏழு வயசு. கோடிங் சொல்லித்தர ஒரு சார் வீட்டுக்கே வர்றாரு. நான்தான் ஜூஸ் கொண்டு போவேன். நேத்து அந்தப் பையன் திரையில ஒரு பூனைய நடக்கவிட்டான். அது ஓரத்துல போய் முட்டிக்கிட்டே நிக்குது. அவன் அழுவுறான். சாரு போன் பேச வெளிய போயிட்டாரு. எங்க நிக்கணும்னு அவன் சொல்லவே இல்ல டீச்சர், அவ்ளோதான். அன்னிக்கு டொடோங் முட்டிக்கிட்டு நின்னானே, அதேதான். பாத்த உடனே தெரிஞ்சிடுச்சு எனக்கு.”

“அவன்கிட்ட சொன்னியாம்மா?”

“இல்ல டீச்சர். ஜூஸ வெச்சிட்டு வந்துட்டேன்.”

போனை மறு காதுக்கு மாற்றினேன். கடல் இரைச்சல்தான் அவளுக்குக் கேட்டிருக்கும்.

“டீச்சர், ரூம் தொறந்துட்டீங்களா?”

“தொறந்துட்டேன்மா.”

“புள்ளைங்க வர்றாங்களா?”

“நெறைய பேரு வர்றாங்க. உக்கார எடமில்ல” என்றேன்.

அவள் சிரித்தது கேட்டது. அதோடு லைன் போய்விட்டது.

மணி நாலாகப் போகிறது, நான் போய்க் கதவைத் திறக்க வேண்டும். நீ எழுதாவிட்டாலும் பரவாயில்லை, பிரித்துப் படித்தால் போதும்.

உன் அக்கா,
ரெமெடியோஸ்