ஓடினால் இறங்கும் முள்

நவம்பர் 9

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று வியாழக்கிழமை காலை வண்டியில் இருந்தவர்கள்: ஓட்டியது நான், பக்கத்தில் உன் அத்தான், பின்சீட்டில் ஆஸ்பத்திரிவரை ஓசியில் வந்த எதிர்வீட்டுத் தபால்காரர். மூவரும் சாட்சி. ஹீட்டர் வேலை செய்யவில்லை.

காற்று வருகிறது. ஐஸ் பெட்டியைத் திறந்தால் வருமே, அந்தக் காற்று. நீ விடுமுறைக்கு வந்து, இரண்டு வாரம் எங்கள் முற்றத்தில் படுத்து உருண்டு வேறு எஞ்சின் மாட்டிக் கொடுத்தாய். எஞ்சின் தங்கம், குறை சொன்னால் என் நாக்கு அழுகும். ஆனால் பழைய எஞ்சின் புகை கக்கினாலும் சூடு கொடுத்ததடா!

அத்தான் நெஞ்சுக்குக் குளிர் ஆகாது. போகும் நாற்பது நிமிடமும் இருமல். மூச்சுச் சிகிச்சை முடிந்து திரும்பும் நாற்பது நிமிடமும் இருமல். "ஆஸ்பத்திரில கொடுக்கறத உன் தம்பி வண்டி பிடுங்கிக்குது. இனி நான் வரல" என்கிறார். தபால்காரர் வேறு, "சைக்கிள்ல போயிருந்தா மிதிச்சாவது சூடாகியிருக்கும்" என்று சிரிக்கிறார்.

என்ன செய்யட்டும்? உனக்காகத் தினமும் பிரார்த்திக்கிறேன், இப்போதைக்குக் கோபத்தோடு.

உன் அக்கா

நவம்பர் 14

அக்காவுக்கு,

இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. உனக்குக் குளிர் என்றால் நம்பவே முடியவில்லை.

குழாய்க்குள் காற்று அடைத்திருக்கும், வேறொன்றுமில்லை. வண்டி மூக்கு மேலே இருக்கும்படி சரிவில் நிறுத்தி, ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து, அரைமணி நேரம் எஞ்சினை ஓடவிடு. குழாய்களைப் பிசைந்து கொடு. எஞ்சின் கொதிக்குமோ என்று பயப்படாதே. தண்ணீர் போகிற வழியில் தெர்மோஸ்டாட் என்று ஒரு வால்வு அடைத்துக்கொண்டு கிடந்தது. இங்கே நாங்கள் யாரும் அதை வைப்பதில்லை. கழற்றி எறிந்துவிட்டேன்.

வேறு எவன் கையும் அதில் படக் கூடாது. பட்டால் நான் உன் வீட்டுப் படி ஏற மாட்டேன். அத்தானுக்கு என் வேலையென்றால் எப்போதும் இளக்காரம்தானே.

தம்பி

நவம்பர் 23

தம்பி,

நீ சொன்னதைச் செய்தேன். நூலகத்துக்குப் பின்னாலிருக்கும் சரிவில் நிறுத்திக் குழாய்களைப் பிசைந்தேன். போகிறவர்கள் எல்லாம் "என்னம்மா, பால் கறக்கறீங்களா?" என்றார்கள். அரைமணியில் வெதுவெதுப்பாக வந்தது. நன்றி சொல்லிக் கடவுளைக் கும்பிட்டேன். நேற்று அத்தானைக் கெஞ்சி ஏற்றினேன். ஊர் எல்லை தாண்டியதும் மறுபடி ஐஸ். பாதி வழியில் இருமிக்கொண்டே "திருப்புடி" என்றார். திருப்பினேன்.

வீட்டுக் கணக்கு எழுதுகிற நோட்டிலேயே எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் எங்கே நின்றதென்று ஒவ்வொரு முறையும் குறித்து வந்தேன். நின்றால் ஏறுகிறது, ஓடினால் இறங்குகிறது. நூலகத்தில் ஒரு பழுதுபார்க்கும் புத்தகம் எடுத்து நான்கு நாள் படித்தேன். தண்ணீர் சூடாகும்வரை, அதை ஆறவைக்கிற ரேடியேட்டருக்குப் போகவிடாமல் மறிப்பதுதான் அந்த வால்வின் வேலையாம். அது இல்லாமல் இந்தக் குளிரில் ஓடினால் எஞ்சின் எப்படிச் சூடாகும்? எஞ்சினே சூடாகாவிட்டால் ஹீட்டர் எங்கே போய்க் கடன் வாங்கும்?

இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் சிகிச்சை. ஒன்று போயிற்று. டிசம்பர் ஆறும் வராவிட்டால் பெயரை எடுத்துவிடுவோம் என்று நர்ஸ் சொல்லிவிட்டாள். ஒரே வரி எழுது: "வால்வு போடு, அக்கா."

உன் அக்கா

நவம்பர் 29

அக்கா,

இருபது வருஷம் ஸ்பேனர் பிடித்தவனுக்கு நாலு நாள் புத்தகம் படித்தவள் பாடம் எடுக்கிறாய். பிப்ரவரியில் லீவு. நானே வந்து பார்க்கிறேன். அதுவரை போர்வை போர்த்திக்கொண்டு போகச் சொல்.

தம்பி

டிசம்பர் 8

தம்பி,

செவ்வாய்க்கிழமை உன் கடிதம் வந்தது. புதன்கிழமை வண்டியை வேறு கையில் கொடுத்தேன். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் பட்டறை வைத்திருக்கும் பெண். ஒரு மணி நேரத்தில் வால்வைப் பொருத்தினாள். "எஞ்சின் ஏத்தினவருக்குச் சுத்தமான கை. வால்வை மட்டும் ஏன் விட்டாரு?" என்று கேட்டாள். அத்தான் பக்கத்திலேயே நின்றார்.

"அப்போ கிடைக்கல. கிடைச்சதும் போடச் சொல்லிட்டுத்தான் போனான்" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. வாய் முந்திக்கொண்டது.

வியாழக்கிழமை போனோம். கால்வாசி வழி போவதற்குள் அத்தான் கம்பளிச் சட்டைப் பொத்தானைக் கழற்றினார். ஒரு இருமல் இல்லை. திரும்பும்போது வாயைத் திறந்தபடி தூங்கினார். வீடு வந்ததும், "பாவம், அவன் சொல்லிட்டுத்தான் போயிருக்கான். நான்தான் கண்டபடி பேசிட்டேன்" என்று பேனாவைத் தேடினார். உன்னிடம் மன்னிப்புக் கேட்டு எழுதுகிறார். உன்னை அவர் பாராட்டுவது இதுதான் முதல் தடவை. அதுவும் என் பொய்யால்.

பிரார்த்தனையில் உட்கார்ந்தால் எனக்கு வாய் எழவில்லை. நானே சொல்லிவிடலாம். சொன்னால் நீ அவர் முன்னால் கூசிப்போவாய், பிப்ரவரியில் வரமாட்டாய். நீயே எழுதினால் அது வேறு. "வால்வைக் கழற்றியது நான்தான், அத்தான், இந்தக் குளிர் எனக்குத் தெரியாது" என்று இரண்டு வரி போதும். நான் சொன்ன பொய்க்கு நானே அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

அவர் அடித்து அடித்து எழுதுபவர். தபாலில் போட இரண்டு வாரமாவது ஆகும். அதற்குள் உன் கடிதம் வந்து சேர வேண்டும். உடனே பதில் எழுது.

அக்கா