ஆறு மணிக்குத் திறக்கும் இடம்

பிப்ரவரி 3, 2025, திங்கள்

இன்றும் அழைப்பு பாதியில் அறுந்தது. ஒரே மாதத்தில் மூன்றாவது முறை. பினாங்கிலிருந்து ஒரு முதியவர். மனைவியின் அறுவைச் சிகிச்சைக்கான காப்பீட்டுக் கோரிக்கை ஏன் நிற்கிறது என்று தழுதழுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். கரண்ட் போனது. இன்வெர்ட்டர் எடுப்பதற்குள் மோடம் ஒரு முறை செத்துப் பிழைத்தது. அவர் போய்விட்டார். திரும்ப அழைத்தேன், எடுக்கவில்லை.

மத்தியானம் மேலாளர் ஹஸ்லினா கோலாலம்பூரிலிருந்து பேசினார். எங்கிருந்து வேலை செய்தாலும் அவருக்குக் கவலை இல்லையாம். வாடிக்கையாளர் காதில் தையல் மெஷின் கேட்கக் கூடாதாம். மாதக் கடைசிக்குள் ஓர் இடம் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் அங்கே திரும்பி வந்துவிட வேண்டும். சரி என்றேன்.

இந்தப் பனியன் ஊரில், ராயபுரத்தில் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்து எட்டு மாதம். எட்டரைக்குக் கீழ்த்தளத்தில் மாமாவின் பனியன் ஃபேக்டரிக்கான சாம்பிள் தையல் பிரிவு ஓடத் தொடங்கும். அதற்கு நான் என்ன செய்ய முடியும்? வேலையை விடவும் முடியாது. ஈப்போவில் அம்மாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் நடப்பது என் கம்பெனிக் காப்பீட்டில்தான்.

கணவன் சதீஷிடம் சொன்னேன். “பாக்கலாம்” என்றான். அவன் பார்க்கலாம் என்றால் நான்தான் பார்க்க வேண்டும்.

பிப்ரவரி 5, புதன்

இரண்டு இடங்கள் பார்த்தேன். பலர் மேசை வாடகைக்கு எடுத்து உட்கார்ந்து வேலை செய்யும் இடங்கள் இந்த ஊரிலும் வந்துவிட்டன.

முதலாவது அவிநாசி ரோட்டில். கண்ணாடிச் சுவர், தொட்டிச் செடி, பேசுவதற்குத் தனி அறை. எனக்கு ஆசையாகவே இருந்தது. ஆனால் ஒன்பதரைக்குத்தான் திறப்பார்கள். கோலாலம்பூரில் ஒன்பது மணி என்றால் இங்கே ஆறரை. அதைச் சொன்னதும் வரவேற்பில் இருந்தவர் சிரித்தார். “நம்மூர்ல ஆறு மணிக்கு யாருங்க ஆபீஸ் வருவாங்க?”

இரண்டாவது பழைய பேருந்து நிலையம் பக்கம். இரவு பகல் திறந்திருக்கும். உள்ளே முழுக்க ஏற்றுமதி ஏஜென்டுகள், ஆளுக்கு இரண்டு போன், எல்லாம் ஸ்பீக்கரில். பெண்களுக்குக் கழிப்பறை எங்கே என்று கேட்டேன்.

“லேடீஸ் யாரும் வர்றதில்லீங்களே.”

“வந்தால் எங்கே போவார்கள்?”

“அதனாலதானுங்க வர்றதில்லை.”

பிப்ரவரி 8, சனி

கிடைத்துவிட்டது என்று நினைக்கிறேன். வேலம்பாளையத்தில், ஒரு பழைய பனியன் கிடங்கின் மாடி. ஆறு மேசை. சுவரில் பாதிக்கு மேல் பெயின்ட் இல்லை. ஆனால் இரண்டு கம்பெனி நெட், ஒன்று போனால் மற்றது. பேட்டரி நான்கு மணி நேரம் தாங்கும். கழிப்பறை சுத்தம், தாழ்ப்பாள் வேலை செய்கிறது.

நடத்துபவள் பெயர் சித்ராதேவி. அருப்புக்கோட்டைப் பக்கம். பதினெட்டு வருடம் பனியன் கம்பெனியில் டெய்லர், பிறகு டைப்பிங் சென்டர், இப்போது இது. புருஷன் இல்லை. பின்னாலுள்ள ஒற்றை அறையில் குடியிருக்கிறாள்.

“ஆறு மணிக்குத் திறப்பீர்களா?”

“நான் நாலரைக்கே எந்திரிச்சிருவேன்க்கா. நீங்க கதவைத் தட்டக்கூட வேணாம்.”

என்னைவிடப் பத்து வயதாவது பெரியவள் அவள். நான்தான் அக்காவாம்.

பிப்ரவரி 19, புதன்

ஒன்பது நாளாக ஒரு தடங்கலும் இல்லை. ஹஸ்லினா ஒரு வரி அனுப்பினார், “நன்றாக இருக்கிறது.”

என் மேசை ஜன்னலோரம். எட்டு மணி வரை நானும் சித்ராதேவியும் மட்டும்தான். பிறகு இரண்டு டிசைனர்கள், ஒரு ஆடிட்டர் வருவார்கள். ஆறேமுக்காலுக்கு அவள் தம்பி சோணைமுத்து வருவான். நிட்டிங் மில்லில் இரவு ஷிப்ட் முடித்து, அக்காவுக்குப் பால் பாக்கெட் வாங்கிக் கொடுத்துவிட்டு, டீ குடித்துவிட்டுப் போவான். என்னைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொள்வான்.

எட்டு மணி இடைவேளையில் சித்ராதேவியோடு பசியாறுகிறேன். இட்லி, கருவாட்டுக் குழம்பு. கருவாடு தின்று எத்தனை மாதமாயிற்று! இந்த வீட்டில் அந்த வாசமே ஆகாது. “எங்க ஊர்ல பசியாறியாச்சான்னுதான் கேப்போம். உங்க மலேசியாவுலயுமா?” என்று அவளுக்கு ஆச்சரியம். என் தாத்தாவின் அப்பா எந்த ஊரிலிருந்து கப்பல் ஏறினார் என்று கேட்டாள். எனக்குத் தெரியாது. “எங்க பக்கமாத்தான் இருக்கும்” என்றாள், முடிவாக.

மார்ச் 4, செவ்வாய்

மூன்று மணிக்கு வேலை முடிந்தும் அரை மணி நேரம் அங்கேயே இருந்தேன். வீட்டுக்குப் போகத் தோன்றவில்லை.

மார்ச் 12, புதன்

அத்தைக்குத் தெரிந்துவிட்டது. துப்பட்டாவில் கருவாட்டு வாசம். சமையலறையில் தண்ணீர் எடுக்கப் போனேன்.

“எங்க சாப்பிட்ட கண்ணு?”

சொன்னேன். சித்ராதேவியின் பெயர், ஊர், எல்லாம்; ஒளிக்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

“அவிய ஊட்டுச் சோறு தின்னுட்டு வந்து என்ற சமையக்கட்டுல கை வெக்கறயா?” குரல் உயரவே இல்லை. என் கையிலிருந்த சொம்பை வாங்கி அப்படியே கவிழ்த்தார். “போய்த் தலைக்குக் குளிச்சுட்டு வா. காப்பி போட்டு வெக்கறேன்.”

குளித்துவிட்டு வந்தேன். காப்பி நன்றாக இருந்தது. கேட்காமலே சர்க்கரை குறைத்துப் போட்டிருந்தார், எனக்குப் பிடித்த மாதிரி.

சித்ராதேவி வீட்டார் என்ன ஆட்கள் என்று சதீஷிடம் கேட்டேன். “விடு” என்றான்.

மார்ச் 16, ஞாயிறு

ராசப்பன் என்று ஒருவர் வந்தார். மாமாவுக்குப் பங்காளி முறை. வேலம்பாளையம் கட்டடம் அவருடையதாம். எனக்கு இன்றுதான் தெரியும்.

மாமா என்னைக் கூப்பிட்டு எதிரில் உட்கார வைத்தார். வேட்டியைச் சரிசெய்துகொண்டு, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகப் பேசினார்.

“அம்மிணி, உனக்கு இந்த ஊரு புதுசு. யாரு கூட உக்காரலாம், யாரு கூட உக்காரப்படாதுன்னு உனக்கு எப்படித் தெரியும்? அது உன்ற தப்பு இல்ல சாமி.”

ராசப்பன், கிடங்குக்கு அந்த மாடி தேவைப்படுகிறது என்றார். சித்ராதேவியோடு மூன்று வருட ஒப்பந்தம், இன்னும் இரண்டு பாக்கி. சும்மா காலி செய்யச் சொல்ல முடியாது. “அங்க வர்ற ஒருத்தர் புகார்னு எழுதிக் குடுத்தா போதுமுங்க.”

“அங்கே புகார் சொல்ல ஒன்றுமில்லை” என்றேன்.

யாரும் கோபப்படவில்லை. மாமா சிரித்தார். “நல்லா யோசிச்சுச் சொல்லு கண்ணு. அவசரமில்ல.”

மார்ச் 18, செவ்வாய்

என் விசா ஏப்ரல் 14-ல் முடிகிறது. நீட்டிக்கக் கணவன் கையெழுத்திட்ட கடிதம் வேண்டும். மனைவி என்னோடுதான் வசிக்கிறாள், அவளுக்கு நான் பொறுப்பு என்று. இரண்டு வாரமாக அந்தக் கடிதம் சதீஷின் மேசையில் கிடக்கிறது. பாஸ்போர்ட்டும் அதோடுதான். இன்று கேட்டேன்.

“கையெழுத்துதானே, போட்டாப் போச்சு. அப்பா ஒரு காகிதம் கேட்டாரல்ல, அதை முதல்ல முடிச்சிரு.”

“இரண்டுக்கும் என்ன சம்பந்தம்?”

போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “ஒண்ணுமில்ல. வரிசையா முடிக்கலாம்னு சொன்னேன்.”

இவன்தான் கோலாலம்பூரில் நான் காய்ச்சலில் கிடந்தபோது மூன்று பஸ் மாறிக் கஞ்சி கொண்டுவந்தவன்.

போய்விடலாமா? போகலாம். ஹஸ்லினாவே வந்துவிடு என்றுதானே சொன்னார். டிக்கெட் விலைகூடப் பார்த்தேன். பிறகு மூடிவிட்டேன். ஏன்? அம்மா என்ன சொல்வார் என்பதாலா? இல்லை. எனக்குச் சதீஷ் வேண்டும். அவ்வளவுதான். எழுதிப் பார்க்கையில் அசிங்கமாக இருக்கிறது. ஆனாலும் அதுதான்.

மார்ச் 20, வியாழன்

கையெழுத்துப் போட்டேன்.

ராசப்பன் தட்டச்சு செய்தே கொண்டுவந்திருந்தார். ‘தினமும் விடியற்காலையில் ஆண் ஒருவர் வந்து, உள்ளே இருக்கும் படுக்கை அறைக்குச் சென்று, சிறிது நேரம் கழித்து வெளியேறுகிறார். பெண்ணாகிய எனக்கு அங்கே அமர்ந்து வேலை செய்ய அச்சமாக உள்ளது.’

வருவது சோணைமுத்து. உள்ளே போவது உண்மை. டீ அங்கேதானே போடுகிறாள்? வெளியே வருவதும் உண்மை. கடைசி வரி ஒன்றுதான் பொய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பேனாவைக் கீழே வைத்தபோது அந்தச் சமாதானமும் நிற்கவில்லை. தம்பி என்ற ஒரு சொல்லை விட்டுவிட்டால் மற்ற வரியெல்லாம் என்ன ஆகிறது என்று எனக்குத் தெரியாதா? காப்பீட்டுக் கோரிக்கைக் காகிதங்களைச் சரிபார்ப்பதுதானே என் தொழில்.

ஐந்து நிமிடத்தில் சதீஷ் தன் கடிதத்தில் கையெழுத்திட்டுத் தந்தான். மாமா என் தலையைத் தொட்டு, “நல்லா இரு சாமி” என்றார்.

மார்ச் 21, வெள்ளி

இன்றும் ஆறேகாலுக்குப் போனேன். சித்ராதேவி இட்லி வைத்தாள். தின்றேன்.

மார்ச் 27, வியாழன்

எழுதித்தான் ஆக வேண்டும்.

ஏழரை மணிக்கு ராசப்பன் வந்தார், கூட இரண்டு பேர். நான் காதில் ஹெட்செட்டோடு இருந்தேன். அழைப்பு அப்போதுதான் முடிந்திருந்தது. ஹெட்செட்டைக் கழற்றவில்லை. திரையில் எதையோ தட்டிக்கொண்டிருந்தேன்.

“ஏனுங்க சித்ராதேவி, நானாச் சொல்லலீங்க. உங்க கஸ்டமரே எழுதிக் குடுத்திருக்காங்க. பேரு வேண்டாமுங்க.” காகிதத்தை எடுத்துப் படித்தார். நிறுத்தி நிறுத்தி, படுக்கை அறை என்ற இடத்தில் குரலை இறக்கி. கூட வந்தவர்கள் சுவரைப் பார்த்தார்கள். ஒருவன் வாயைத் துடைப்பது போலச் சிரிப்பைத் துடைத்தான்.

சித்ராதேவி முதலில், “எந்தம்பிங்க அது. என் கூடப் பொறந்த தம்பி” என்றாள். பிறகுதான் அந்தக் காகிதத்தைப் பார்த்தாள். விடியற்காலையில் அங்கே வருபவள் ஒருத்திதான் என்று அவளுக்கும் தெரியுமே.

திரும்பி என்னைப் பார்த்தாள். ஜன்னல் கண்ணாடியில் தெரிந்தது. நான் திரும்பவில்லை. “ஹலோ, கேட்கிறதா” என்று மைக்கில் சொன்னேன், மறுமுனையில் யாரும் இல்லாமலே.

அந்த நேரம் பார்த்துச் சோணைமுத்து பால் பாக்கெட்டோடு படியேறி வந்தான். இன்று ஷிப்ட் முடியத் தாமதமாகிவிட்டதாம். “இவந்தானுங்களா?” என்றார் ராசப்பன். அவன் எல்லாரையும் பார்த்து வணக்கம் வைத்தான்.

மார்ச் 31, திங்கள்

காலி செய்துவிட்டாள். விடுமுறை சொல்லிவிட்டு மூன்று நாளாக நான் போகவில்லை. மேசைகளை ஒரு டெம்போவில் ஏற்றினார்கள் என்று ஆடிட்டர் போனில் சொன்னார். என் நாற்காலிக் குஷனை மட்டும் மடித்து, என்னிடம் சேர்த்துவிடும்படி அவரிடம் கொடுத்திருக்கிறாள்.

ஏப்ரல் 7, திங்கள்

மாமாவின் ஃபேக்டரி மாடியில் எனக்குக் கேபின். ஏசி, ஜெனரேட்டர், சத்தம் புகாத கதவு. பத்து மாதமாக இது முடியாமல் இருந்தது, எட்டு நாளில் முடிந்தது. “மருமகளுக்குன்னு பண்ணினதுங்க” என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டுகிறார். ஆறேகாலுக்கு வாட்ச்மேன் திறந்துவிடுகிறார்.

கண்ணாடி வழியாகக் கீழே, தைத்த பனியன்களில் குறை பார்க்கும் செக்கிங் மேசைகள் தெரிகின்றன.

ஏப்ரல் 11, வெள்ளி

விசா வந்துவிட்டது. ஒரு வருடம். அத்தை பாயசம் வைத்தார்.

மே 22, வியாழன்

இன்று மத்தியானம் இடைவேளையில் வாட்ச்மேன் வந்து, “யாரோ பொம்பளைங்க, உங்களப் பாக்கணும்னு நிக்கறாங்க” என்றார். வரச் சொல்லிவிட்டுத்தான் யாரென்று பார்த்தேன்.

சித்ராதேவி. மெலிந்திருந்தாள். வேறொரு கம்பெனியில் செக்கிங்கில் நிற்கிறாளாம், பத்து மணி நேரம். உட்காரச் சொல்ல வாயெடுத்தேன். பக்கத்து அறையில் மாமா இருந்தார், கதவு திறந்திருந்தது. சொல்லவில்லை.

சண்டை போடுவாள் என்று நினைத்தேன். போட்டிருக்கலாம்.

“மறுபடி மேசை போடச் சோமனூர்ல ரெண்டு எடம் பாத்தேங்கம்மா. தர்றேன்னு சொல்லிட்டு அப்புறம் இல்லைங்கறாக. அந்தக் காகிதம் எல்லார் போன்லயும் போட்டோவா இருக்கு.” புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டே பேசினாள். “எந்தம்பி இப்ப ஊட்டுக்கு வர்றதில்ல. அவன் பொண்டாட்டியே அவனைக் கேக்குறா. நீங்க ஒத்த வரி எழுதிக் குடுங்க, காலைல வந்த ஆளு அவ தம்பின்னு. அம்புட்டுத்தான். மத்ததெல்லாம் நீங்க எழுதுனபடியே இருக்கட்டும்.”

ஒரு வரி. என் கையில் பேனா இருந்தது. பக்கத்து அறையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

“மாமாகிட்டக் கேட்டுச் சொல்றேனுங்க” என்றேன்.

அவள் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். பிறகு தலையசைத்தாள். “வெயிலுக்கு நாக்கு ஒட்டுது. ஒரு வாய் தண்ணி குடுங்க.”

மேசைமேல் ஜாடி இருந்தது. பக்கத்தில் கழுவிக் கவிழ்த்த டம்ளர்கள் நான்கு. மேசைக்கு அடியில், மூட்டை தூக்க வருகிறவர்களுக்கென்று வைத்திருக்கும் பேப்பர் கப் கட்டு. எனக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. மாமா எட்டிப் பார்க்கவும் இல்லை. நான் குனிந்து, கட்டைப் பிரித்து, ஒரு பேப்பர் கப்பை எடுத்து அதில் ஊற்றிக் கொடுத்தேன்.

கொடுத்த பிறகுதான் என் கையைப் பார்த்தேன். அவளும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நின்றபடியே குடித்தாள். கப்பை இரண்டாக மடித்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். “வரேங்கம்மா” என்று சொல்லிப் படியிறங்கினாள்.

மாமாவிடம் நான் கேட்கவில்லை.