வண்டியின் வலப்பக்கம் அல்சீதுடையது

அன்பு மகள் லுசீலுக்கு, அப்பா நலம், முழங்கால் மட்டும் தன் இஷ்டத்துக்கு நடக்கிறது. உன் வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். எனக்குத்தான் எழுத்து வராதே, நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவது உன் ஹெர்மின் அத்தை. அத்தையைத் தனியாக விட்டு அல்சீத் மாமா போனதைப் போனில் சொன்னேன். அடக்கம் நடந்த விதத்தைப் போனில் சொல்லியிருந்தால் குடித்திருக்கிறேன் என்று நினைத்திருப்பாய்.

ஏரி ஜூன் வரை உருகாமல் கிடந்து, மிஷன் பள்ளிக்கூடம் தீப்பிடித்து, நீயும் பிறந்த வருஷம்தான் அந்த மோட்டார் பனிவண்டியை வாங்கினோம். நான், மாமா, மொதெஸ்த், குட்டை பசீல் என்று நாலு கூட்டாளிகள். கடைசியாக உயிரோடு இருப்பவனுக்கு வண்டி என்று பேச்சு. பசீல் போனான், மொதெஸ்த் போனான், வண்டி மீன்கொட்டகைக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடந்தது. போன இலையுதிர் காலத்தில் மாமாவுக்கு அதை ஓட்டிப் பார்க்கும் ஆசை வந்தது. இந்த ஏரியில் இருவர் சேர்ந்து வலை போட்டால் ஆளுக்குப் பாதி, ஒருவன் பாதியை அடுத்தவன் தொடக்கூடாது. வண்டியையும் அப்படியே பிரித்தோம், இடப்பக்கம் எனக்கு, வலப்பக்கம் அவனுக்கு. இரு பக்கத்துப் பட்டைகளையும் சுழற்றும் பல்சக்கரம் இரண்டும் தேய்ந்து தட்டாகியிருந்தன, புதிதாகச் செய்ய வேண்டும், பல்லை எண்ண வழியில்லை. நான் பதினொன்று என்றேன். அவன் பதின்மூன்று என்றான். "உன் தலையில இருந்ததே பதினொரு முடி, அதத்தான் எண்ணியிருப்ப" என்றான். "வாயிலதான் பல் இல்ல, சக்கரத்துலயாவது கூட இருக்கட்டும்னு பாக்குறியாடா" என்றேன். அவன் தன் பட்டறைக்குப் போனான், நான் என் பட்டறைக்குப் போனேன்.

ஏரி இறுகியதும் ஊரே டீயோடு கரையில் நின்றது. பல் கூடின அவன் பக்கம் வேகமாக ஓட, வண்டி கிளம்பி இடப்பக்கமாக வட்டமடித்தது, மறுபடியும் வட்டமடித்தது. முன்னாலிருக்கும் சறுக்குக்கட்டையை எவ்வளவு திருப்பினாலும் வழுக்குப் பனியில் பிடிக்கவில்லை. "போய்ட்டு வாங்கன்னுதானே அனுப்பினேன், போகாமலே வந்துக்கிட்டு இருக்கீங்களே" என்று அத்தை கத்தினாள். இப்போது எழுதும்போதும் சிரிக்கிறாள். யாராவது ஒருவர் சக்கரத்தை மாற்றினால் போதும். ஆனால் மாற்றுகிறவன் தனக்கு மறதி வந்துவிட்டதென்று ஊரறிய ஒப்புக்கொண்ட மாதிரி. குளிர்காலம் முழுக்க இருவரும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை, வண்டியையும் கிளப்பவில்லை.

பிப்ரவரியில் அவனுக்கு நெஞ்சில் சளி கட்டிப் படுத்துவிட்டான். "செத்தா அந்த வண்டியிலதான் என்னைக் கல்லறைக்குக் கொண்டுபோகணும், நேரா கொண்டுபோ, பெட்டிக்குள்ள எனக்குக் குமட்டும்" என்றான். கல்லறை ஏரியின் அக்கரையில். அவன் போனதும் மானத்தைப் பார்க்கவில்லை மகளே, பட்டறையில் நின்று பதின்மூன்று பல்லோடு ஒரு சக்கரம் செய்தேன், அடக்கத்தன்று காலையில் என் பக்கத்தில் மாட்டினேன். பெட்டியை ஏற்றினோம், பாதிரியாரும் சனங்களும் பின்னால் நடந்தார்கள். வண்டி கிளம்பி வலப்பக்கமாக வட்டமடித்தது. ஒரு சுற்றில் பாதிரியாருக்குப் பின்னாலேயே வந்துவிட்டேன், அவர் சிலுவையோடு ஓடினார். இறங்கி மாமாவின் பக்கத்தைக் குனிந்து எண்ணினேன். பதினொன்று.

நான் சந்தைக்குப் போன ஒரு நாளில், படுக்கையில் விழுவதற்கு முன்பே, அவன் மாற்றியிருக்கிறான். "உங்ககிட்ட சொன்னா நாக்க அறுத்துருவேன்னாரு" என்றாள் அத்தை. கடைசியில் ஆறு பேர் வண்டியின் மூக்கில் கயிறு கட்டி இடப்பக்கமாக இழுத்துக்கொண்டே வர, அந்த வண்டியிலேயே போய்ச் சேர்ந்தோம். ஓட்டும் இடத்தில் நான் அழுதேனா சிரித்தேனா என்று அத்தைக்கே இன்னும் சந்தேகம்.

உன் புருஷனோடு சண்டை வந்தால் விட்டுக்கொடு, ஆனால் வாய்விட்டுச் சொல்லிவிட்டு விட்டுக்கொடு. ஈஸ்டருக்கு வரும்போது பனிப்பாதையில் ஓரத்து மரக்கிளை அடையாளத்தைத் தாண்டாதே, அங்கே பனி மெல்லிசு. அத்தைக்குக் கம்பளி நூல் வேண்டுமாம், சாம்பல் நிறம், மறந்துவிடாதே. அன்று பேசிக்கொண்டபடி வண்டி இப்போது என்னுடையது. ஒரு பக்கத்தை மாற்றினால் நேராகப் போகும். எந்தப் பக்கம் என்று சண்டை போட ஆளில்லாததால் அப்படியே நிற்கிறது. மாதா உன்னையும் பிள்ளைகளையும் காக்கட்டும்.

நாலு பேரில் மிச்சமிருக்கும்
உன் அப்பா கஸ்பார்