இரண்டு முறை அழுத்தினால்

ஆகஸ்ட் 5, செவ்வாய்

காலையிலிருந்து மழை. பாச்சாங் ஆபீஸ் வாசலில் கணுக்கால் தண்ணீர். குடை வீட்டில்.

புலாவ் செபாங் முதியோர் இல்லத்திலிருந்து போன். அந்தோணி ஐயா நேற்று மத்தியானம் இறந்துவிட்டார். மூச்சுத்திணறல். கட்டில் பக்கத்தில் நான் வடிவமைத்த அழைப்புத் திரை, போன மாதம்தான் மாட்டினோம். தொட்டால் நர்ஸ் மேசையில் விளக்கு எரியும். மறுபடி தொட்டால் அணையும். தெரியாமல் தொட்டவர்கள் ரத்து செய்துகொள்வதற்காக. அந்த யோசனைக்கு பாஸிடம் பாராட்டு வேறு.

நர்ஸ் சொன்னது: "லைட் எரிஞ்சிச்சு, நான் எழுந்திரிக்கிறதுக்குள்ள ஆஃப் ஆயிடுச்சு. வேணாம்னு அவரே அமுத்திட்டாருன்னு நெனச்சேன்லா."

வாங்க வேண்டியது: சோப்பு, பூனைக்குத் தீனி.

ஆக. 6, புதன்

பாஸ்: "சிஸ்டம் ஓகே. அந்த ஆளுதான் கேன்சல் பண்ணியிருக்காரு. அதோட விடு."

இல்லத்தில் ஐயாவின் மகளிடமும் அப்படியே சொல்லிவிட்டார்கள். ரெஜினா அக்கா, செங் ஊரில் ஃபேக்டரி வேலை. என் நம்பரைத் தேடிப்பிடித்துக் கூப்பிட்டார். "அப்பா சாகணும்னே அணைச்சிட்டாரா தம்பி? சர்ச்ல ஃபாதர்கிட்ட நான் என்னான்னு சொல்வேன்?"

விசாரித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். ராத்திரி சாப்பிடவில்லை. பூனை மட்டும் சாப்பிட்டது.

விளக்கு எரிந்து உடனே அணைகிறது, பெரியவர்கள் விளையாடுகிறார்கள் என்று இல்லத்தில் முன்பே சொன்னார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

ஆக. 7, வியாழன்

சுள்ளென்று வெயில். லீவு போட்டுவிட்டு புலாவ் செபாங். ஐயாவின் பக்கத்துக் கட்டில் முனியாண்டி மாமா. நர்ஸைக் கூப்பிடச் சொன்னேன். அழுத்தினார். உடனே இன்னொரு முறை. விளக்கு எரிந்து, அணைந்தது.



"ஏன் மாமா ரெண்டு தடவ?"

"ஒரு தடவைனா யாரோ வெளியாளுன்னு இருந்துருவாங்க. ரப்பர் எஸ்டேட்ல ரெண்டு தட்டு தட்டுனாதான் நம்ம ஆளுன்னு கதவத் தொறப்பாங்க. அந்தோணியும் அப்படித்தான்லா."

எதிர் அறை ஆன்ட்டியும் அதே. என் மனதில் இருந்தது லைட் சுவிட்ச். அவர்கள் மனதில் கதவு. இரண்டாவது தட்டு முதல் தட்டை அழித்துவிடும் என்று எந்த மனுஷன் நினைப்பான்? நான் சோதித்துப் பார்த்ததெல்லாம் ஆபீஸில், என் வயதுக்காரர்களை வைத்து. மடையன்.

அங்கேயே உட்கார்ந்து ரத்து வசதியைத் தூக்கிவிட்டேன். பாஸ் கத்துவார். கத்தட்டும்.

ஆக. 8, வெள்ளி

மூட்டம். செங் போனேன். ஃபேக்டரி வாசலில் ஷிப்ட் முடியும் வரை நின்றேன். பேசாமல் திரும்பிவிடலாமா என்றுகூட இருந்தது. ரெஜினா அக்கா வந்ததும் எல்லாம் சொன்னேன்.

"அவர் அணைக்கல அக்கா. ரெண்டு தடவையும் கூப்பிட்டிருக்கார். நான் செஞ்ச திரைதான் அத வேணாம்னு எடுத்துக்கிச்சு."

சிலுவை போட்டுக்கொண்டார். முகம் கொஞ்சம் தெளிந்தது. பஸ் வந்தது, ஏறவில்லை.

"கூப்பிட்டாரா?"

"ஆமாக்கா."

"அப்ப, வருவாங்கன்னு கதவையே பாத்துக்கிட்டு இருந்திருப்பாரு."