மாப்பிள்ளை, உன் கார் இன்ஜின் விஷயமாக

தடதடக்கும் காரில் வந்து தெருவையே அதிரவைத்துவிட்டு, போகும்போது மட்டும் சத்தமில்லாமல் போய்விட்ட என் அருமை மாப்பிள்ளை சாமுவேலுக்கு,

நீ போய் ஒரு வருஷம் முடிந்துவிட்டது. முதலாண்டு ஜெபக் கூட்டத்தில் உன்னைப் பற்றி ஆளுக்கு நாலு வார்த்தை பேசினார்கள். நான் மட்டும் சாப்பாடு ஆறிப்போகும் வரை பேசினேன். பாஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார், நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். ஆனால் அங்கே சொல்ல முடியாத விஷயம் ஒன்று உண்டு. உன் காரைப் பற்றியது. அதை உனக்குத்தானே சொல்ல வேண்டும்?

நம் சிட்லபாக்கம் உனக்கு இப்போது அடையாளம் தெரியாது. ஏரிக்கரை வரைக்கும் வீடு வந்துவிட்டது. ரோடெல்லாம் பூனை மாதிரி போகிற சின்னச் சின்னக் கார்கள். அவற்றுக்கு நடுவே உன் அப்பா காலத்துச் சீமைக் காரை நான் எடுத்துக்கொண்டு போனால், தாம்பரம் ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கிறவன் திரும்பிப் பார்ப்பான். மீனம்பாக்கத்தில் இறங்க வந்த விமானம் ஒன்று, 'கீழே ஏற்கெனவே ஒன்று ஓடுகிறது போல' என்று மறுபடி மேலே ஏறியதை நான் கண்ணால் பார்த்தேன். ஒருவரும் நம்பவில்லை. நீ இருந்தால் நம்பியிருப்பாய்.

அதுதான் உன்னிடம் எனக்குப் பிடித்தது. நீ எம்.எஸ்ஸி. படித்த கணக்கு வாத்தியார். நான் எட்டாவதோடு நின்றவன். குரோம்பேட்டையில் மழைத் தண்ணீரில் பஸ்ஸெல்லாம் நின்றுபோன அன்று உன் கார் ஒன்றுதான் இருமிக்கொண்டே கரையேறியது. தண்ணீர் முழங்கால் வரைதான். நான் சொல்லச் சொல்ல அது இடுப்புக்கு ஏறிவிட்டது. ஒருத்தர் உன்னிடமே கேட்டார், "இன்னா சார், மெய்யாலுமே இடுப்பளவா?" நீ யோசிக்கக்கூட இல்லை. "மச்சான் உயரமான ஆளுங்க. அவருக்கு இடுப்புன்னா நமக்கெல்லாம் கழுத்து" என்றாய். அந்த மாதிரி ஒரு மனுஷனை இனி எங்கே போய்த் தேடுவேன்?

ஏரிக்கரை வளைவு வந்ததும் நீ ஆக்ஸிலரேட்டரை இரண்டு தரம் அழுத்துவாயே, ஞாபகம் இருக்கிறதா? அந்தச் சத்தம் கேட்டதும் என் தங்கச்சி ரூபி டீக்கு அடுப்பைப் பற்றவைப்பாள். நீ வந்து கேட்டைத் திறப்பதற்கும் டீ கொதிப்பதற்கும் சரியாக இருக்கும். உலகத்தில் எந்தப் புருஷன் பெண்டாட்டி இப்படிப் பேசிக்கொண்டார்கள்?

நீ போன பிறகு அந்த வழக்கம் நின்றுவிடக் கூடாது என்று நானே ஏற்றுக்கொண்டேன். தினமும் உன் காரை ஒரு சுற்று எடுத்துப் போய், திரும்பும்போது அதே வளைவில் இரண்டு அழுத்து. வாசலில் இறங்கினால் டீ தயாராக இருக்கும். உனக்குச் செய்கிற மரியாதை என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு குடிப்பேன்.

போன மழைக்குப் பிறகு சத்தம் எல்லை மீறிவிட்டது. பம்மலில் பட்டறை வைத்திருக்கும் பாஷா பாய், உன் காருக்கு ஆதியிலிருந்து வைத்தியம் பார்க்கிறவர், பானட்டைத் திறந்து காதைக் கொடுத்துக் கேட்டார்.

"சார், உள்ள எல்லாம் தேஞ்சி பூட்ச்சி. பிரிச்சி மறுபடி கட்டித் தரேன், ஓடும். ஆனா இந்தச் சத்தம் போவாது. இல்லாங்காட்டி ஜப்பான் இன்ஜின் ஒண்ணு கீது. அத்தப் போட்டா வண்டி ஓடுதா நிக்குதான்னே தெரியாது."

"தெரியலைன்னா அது எதுக்கு பாய் வண்டி? கட்டில் போதுமே!"

"மொதல்ல உங்க வாய்க்கு ஒரு சைலன்சர் மாட்டணும் சார்."

பழையதையே கட்டச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். ரூபி முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். பெரிய தியாகி மாதிரி அறிவித்தேன். "சாமுவேல் சத்தம் இந்தத் தெருவுல கேட்டுக்கினே இருக்கும்மா. நான் உசுரோட இருக்கற வரைக்கும் அந்த இன்ஜினை மாத்த விட மாட்டேன்."

அவள் நிமிரவில்லை. "மாத்திடுண்ணே."

"இன்னாம்மா சொல்ற?"

"அந்தச் சத்தம் கேட்டா கை தானா அடுப்பைப் பத்த வெச்சுடுது. மனசு ஓடிப்போய் கேட்டாண்ட நிக்குது. அப்புறம் பார்த்தா நீ இறங்கி வர்ற. இத்தனை மாசமா தினம் இதே பொழப்பு. நீ ஆசையா டீ குடிக்கற, நான் என்னத்தைச் சொல்ல?"

நானும் முறத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கல் பொறுக்கினேன் மாப்பிள்ளை. உனக்கு மரியாதை செய்வதாக நினைத்துக்கொண்டு அவளைத் தினம் ஒரு தரம் விதவையாக்கிக்கொண்டிருந்தேனா? மேலே இருந்த உனக்குத் தெரிந்ததா? தெரிந்திருந்தால் கனவில் வந்தாவது என் தலையில் ஒரு குட்டு வைத்திருக்கக் கூடாதா?

காரையே விற்றுவிடலாமா என்று மெல்லக் கேட்டேன். அப்போதுதான் நிமிர்ந்தாள். "சத்தம்தான் வேணாம்னேன். கார் வேணாம்னு சொன்னேனா? நான் ஓட்டறேன்."

ஜப்பான் இன்ஜின் ஏறியது. உன் பழைய இன்ஜின் எடைக்குப் போகவில்லை, கவலைப்படாதே. ஆலந்தூரில் உன்னை மாதிரியே ஒரு பைத்தியம் இதே கார் வைத்திருக்கிறதாம், அங்கே போகிறது. ரூபி ஓட்டக் கற்றுக்கொண்டாள். நான்தான் கற்றுக்கொடுத்தேன் என்று ஊரில் சொல்லிவைத்திருக்கிறேன். உன்னிடம் மறைப்பானேன், டிரைவிங் ஸ்கூல்தான்.

நேற்று முதல் தடவையாகத் தனியாகத் தாம்பரம் மார்க்கெட் போனாள். ஜி.எஸ்.டி. ரோட்டு லாரிகளை நினைத்து நான் வாசலிலேயே நின்றேன். காதைத் தீட்டித் தீட்டிப் பார்க்கிறேன், ஒன்றும் கேட்கவில்லை. ஏரிக்கரைப் பக்கம் நாலு எட்டு வைத்திருப்பேன், முதுகுக்குப் பின்னால் ஹாரன்! வேறு தெரு வழியாகச் சுற்றி வந்திருக்கிறாள்.

"தள்ளுண்ணே, வண்டி உள்ள போவணும்."

ஒரு கை ஜன்னல் மேல், உன்னை மாதிரியே. பின் சீட்டில் வாழைத்தாரும் காய்கறியும். முகத்தில் அவ்வளவு வியர்வை, அவ்வளவு சிரிப்பு. சிரித்து எத்தனை நாளாயிற்று! நான் ஓடிப்போய்க் கேட்டைத் திறந்துவிட்டேன்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன் மாப்பிள்ளை. இனி அவள் ஓட்ட, நான் இடது பக்கம் உட்காருவேன். பிரேக்கைப் போடு, கியரை மாற்று என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். தாம்பரத்திலிருந்து சிட்லபாக்கம் வரைக்கும் வாயை மூடிக்கொண்டு வருவேன். நான் செய்ததாகச் சொன்ன சாகசங்கள் எல்லாவற்றையும்விட இதுதான் கஷ்டம். ஆனால் இது ஒன்று நிஜமாகவே நடக்கும்.

உன் பெண்டாட்டிக்கு அண்ணன், உனக்கு என்றைக்கும் மச்சான்,
தனராஜ்