அமுக்கிப் பார்க்க நீ இல்லை

என் செல்ல நைனாவுக்கு,

உன்னை அடக்கம் செய்துவிட்டு ராயபுரம் வீட்டுக்குத் திரும்பிவிட்டோம். அண்ணன் சட்டையைக் கழற்றிவிட்டுத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறான். உன் பெட்டியைச் சுமந்ததில் அவன் தோள் கன்றிச் சிவந்திருக்கிறது. மறுபக்கம் தூக்கிய எனக்கு ஒன்றுமே இல்லை. உன் கனம்கூடத் தெரியவில்லை நைனா. அவன் தோளைப் பார்க்கப் பொறாமையாக இருக்கிறது.

பொம்பளை தூக்கக் கூடாது என்று ஒருவரும் சொல்லவில்லை. என்னைப் பொம்பளையாகவே யாரும் பார்க்கவில்லையோ?

பட்டாளத்தில் போர்த்திய இந்த உயிர்க்கவசம் முதலில் சட்டை மாதிரி கழற்ற வந்தது. பிறகு என் ரத்தத்தைக் குடித்து, கழுத்துக்குக் கீழே என்னோடு ஒட்டியே வளர்ந்துவிட்டது. எல்லையில் குண்டு படாமல் காப்பாற்றியது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் சொறிந்தால் யாரைச் சொறிகிறேன் என்று தெரியாத உடம்பு இது.

முதல் விடுப்பில் வந்தபோது தெருவே ஒதுங்கி நின்றது. நீ மட்டும் என் இடது மணிக்கட்டைத் திருப்பி, காசிமேட்டு ஏலத்தில் நண்டை அமுக்கிப் பார்ப்பதுபோல் கட்டைவிரலால் அமுக்கினாய். அமுங்கினால் உள்ளே சதை இல்லை என்று தள்ளிவிடுகிற ஆள் நீ.

"இன்னா நைனா பாக்குற?"

"உள்ள ஆளு கீதான்னு பாக்குறேன். கீற, கீற. காலி நண்டு இல்ல நீ. வா, துன்னு."

நிஜமாகவே தெரிந்ததா, எனக்காகச் சொன்னாயா? அதன் பிறகு ஒவ்வொரு விடுப்புக்கும் வாசலிலேயே கையை நீட்டிவிடுவேன். இனி யாரிடம் நீட்டுவது?

சற்று முன் நானே அமுக்கிப் பார்த்தேன். அமுக்குகிற விரலும் கவசம்தானே, அதற்கு என்ன தெரியும்? அண்ணனிடம் நீட்டினேன். "கல்லாட்டம் கீதும்மா, ஒண்ணும் தெர்ல" என்று கையை இழுத்துக்கொண்டான். பாவம், பயந்துவிட்டான்.

பட்டாள மருத்துவருக்குப் போன் செய்தேன். நீ அமுக்கிய இடத்தில் மட்டும், ஒரு விரல் அகலத்துக்குக் கவசத்தை உரிக்க முடியுமா என்று கேட்டேன். கை விளங்காமல் போகலாம், வலி ஆயுசுக்கும் நிற்கலாம், வேலையும் போய்விடும் என்றார். அடியில் என் தோல் மிச்சம் இருக்குமா என்றேன். அவருக்கும் தெரியவில்லை. உரித்த பிறகு அங்கே நானே இல்லை என்றால் என்ன செய்வேன் நைனா?

ஆனாலும் உரிக்கச் சொல்லிவிட்டேன்.

உரித்த இடத்தின் கட்டுப் பிரித்த அன்றைக்கே உன் கல்லறைக்கு வருவேன். அந்த இடத்தை உன் மண்மேல் வைத்து அமுக்குவேன். வலித்தால் உன்னிடம்தான் முதலில் சொல்வேன்.

உள்ள கீற உன் பொண்ணு,
ஸ்டெல்லா